முதல்ல மேல் பிளக்கைக் கழட்டுங்க சாமிகளா!

டிஸ்கி: காரே பிடிக்காதவங்க, புதுக் கார் வாங்கி மூணு வருசம் கூட ஆகாதவங்க இந்தப் பதிவைத் தாண்டிப் போயிடலாம். பத்து வருசத்துக்கு மேல ஆன, கையால கியர் போடுற வண்டி வீட்ல நிக்குதுன்னா கொஞ்ச நேரம் உக்காந்து படிங்க. கொஞ்சம் நீளமான பதிவு. டீ எடுத்துட்டு வந்துடுங்க :-)

நம்ம ஊர்ல கார் வச்சிருக்கறவங்க கிட்ட "எஞ்சின் ஆயில் எப்போ மாத்துனீங்க?"ன்னு கேட்டா தேதியோட சொல்லுவாங்க. "கியர் ஆயில் எப்போ மாத்துனீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. ஒரு மாதிரி பார்ப்பாங்க. "அதெல்லாம் மாத்தணுமா என்ன?"ன்னு திருப்பிக் கேப்பாங்க. மெக்கானிக் கிட்ட கேட்டா இன்னும் தெளிவா பதில் வரும்: "அது லைஃப் டைம் சார், தொடவே வேணாம்."

யாரோட லைஃப்? வண்டியோடதா, வாரண்டியோடதா? இதைத்தான் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். பழைய வண்டிக்குக் கியர் ஆயில் மாத்தியே ஆகணும். ஆனா அதைவிட முக்கியம், யார் மாத்துறாங்க, எப்படி மாத்துறாங்கன்னு பக்கத்துல நின்னு பார்க்கறது. நம்ம ஊர்ல கியர் பாக்ஸ் பல தடவை சாகுறது ஆயிலால இல்ல. அந்த ஆயிலை அடைச்சு வச்சிருக்கற ரெண்டு பிளக்கைக் கையாளத் தெரியாத கையால.

<b>ஆயில் ஏன் கெட்டுப் போகுது?</b>

எஞ்சின் ஆயில் கறுத்துப் போறதுக்குக் காரணம் உள்ள எரியற பெட்ரோலோட புகையும் கரியும். கியர் பாக்ஸ்ல எதுவும் எரியறதில்லை. அதனாலதான் அந்த ஆயில் ரொம்ப நாள் தாங்குது. தாங்குதுங்கறது உண்மை. சாகாவரம் வாங்கிட்டு வந்திருக்குங்கறதுதான் புருடா.

உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. நீங்க ஒவ்வொரு தடவை கியர் மாத்தும்போதும் பித்தளை மாதிரியான உலோகத்துல செஞ்ச ஒரு வளையம், சுத்திக்கிட்டு இருக்கற கியரோட உரசி, ரெண்டு வேகத்தையும் ஒண்ணாக்குது. சின்க்ரோனைசர்னு பேரு. உரசினா தேயும். தேஞ்ச பொடி எங்க போகும்? ஆயில்லதான் கலக்கும். எஞ்சினுக்கு இருக்கற மாதிரி வடிகட்டி பெரும்பாலான மேனுவல் கியர் பாக்ஸ்ல கிடையாது. பல வண்டிகள்ல கீழ் பிளக்கோட நுனியில ஒரு சின்ன காந்தம் இருக்கும். இரும்புப் பொடியை அது பிடிச்சு வச்சுக்கும். பித்தளைப் பொடியைக் காந்தம் எப்படிப் பிடிக்கும்? அது பாட்டுக்கு ஆயில்ல சுத்திக்கிட்டே இருக்கும்.

இது போக, பல்சக்கரங்களுக்கு நடுவுல நசுங்கி நசுங்கி ஆயிலோட கெட்டித்தன்மை குறையுது. அதுல கலந்திருக்கற ரசாயனங்கள் தீர்ந்துக்கிட்டே வருது. கியர் பாக்ஸுக்கு மூச்சு விட ஒரு சின்னத் துளை உண்டு, அது வழியா ஈரமும் உள்ள போகுது.

ஈரம்னதும் சென்னைக்காரங்களுக்கு ஒண்ணு சொல்லியே ஆகணும். 2015 டிசம்பர் வெள்ளத்துலயும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் எத்தனை வண்டி இடுப்பளவு தண்ணில நின்னுச்சுன்னு நமக்கெல்லாம் தெரியும். தண்ணி வடிஞ்சதும் எல்லாரும் எஞ்சினைப் பார்த்தாங்க, சீட்டைக் காய வச்சாங்க, தரைவிரிப்பை மாத்துனாங்க. கியர் பாக்ஸை எத்தனை பேர் திறந்து பார்த்திருப்பாங்க? தண்ணி கலந்த கியர் ஆயில் பால் ஊத்துன டீ மாதிரி இருக்கும். அதோட வண்டி ஓடவும் செய்யும். அங்கதான் சிக்கலே. ஓடிக்கிட்டே உள்ள பேரிங்கெல்லாம் துரு பிடிச்சு, ரெண்டு வருசம் கழிச்சு ஒரு நாள் 'ஊ...'ன்னு ஊளையிட ஆரம்பிக்கும். அப்போ யாருக்கும் வெள்ளம் ஞாபகத்துக்கு வராது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும்? அவங்கவங்க வண்டியோட கையேட்டைப் பாருங்க. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொதுவா 40,000ல இருந்து 80,000 கிலோமீட்டருக்குள்ள ஒரு தடவை மாத்திட்டா வண்டி உங்களை வாழ்த்தும். பழைய வண்டியை வாங்கியிருக்கீங்க, முந்தின சரித்திரம் தெரியலையா? யோசிக்கவே வேணாம், மாத்திடுங்க.

<b>எல்லாத்துக்கும் ஒரே பீப்பாய்</b>

அடுத்தது எந்த ஆயில்ங்கறது. நம்ம பட்டறைகள்ல ஒரு மூலையில பெரிய பீப்பாய் ஒண்ணு நிக்கும். "90 ஆயில்"னு சொல்லுவாங்க. அம்பாசடருக்கும் அதான், லாரிக்கும் அதான், நேத்து வந்த ஹேட்ச்பேக்குக்கும் அதான். சர்வ ரோக நிவாரணி!

இது தப்புங்க. சில வண்டிகளுக்கு 75W-90, சிலதுக்கு 75W-80. பழைய ஹோண்டா கார்களுக்கு அவங்களே தனியா ஒரு மெல்லிசான ஆயில் வச்சிருக்காங்க. அவசரத்துக்கு அது கிடைக்கலைன்னா 10W-30 எஞ்சின் ஆயிலைத் தற்காலிகமா ஊத்திக்கலாம்னு அந்தக் காலத்து ஹோண்டா கையேடே சொல்லும். அப்படிப்பட்ட பாக்ஸ்ல கொழகொழன்னு 90 ஆயிலை ஊத்தினா என்ன ஆகும்? காலைல வண்டி எடுக்கும்போது ரெண்டாவது கியர் விழாது. விழ வச்சா 'கடக்'குன்னு திட்டும்.

இன்னொரு பொறி GL-4, GL-5 சமாச்சாரம். பாட்டில்ல போட்டிருக்கும். "5 பெருசா 4 பெருசா? பெருசையே ஊத்திடுவோம்"னு நினைக்கக் கூடாது. GL-5ங்கறது முக்கியமா பின்பக்க ஆக்ஸில்ல இருக்கற டிஃபரென்ஷியல் மாதிரி பயங்கர அழுத்தம் வர்ற இடத்துக்கானது. அதுல கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ரசாயனம் அதிகம். பழைய வகை GL-5 ஆயில்கள் பித்தளையை அரிக்கும்ங்கறது ஒரு பிரச்சனை. அரிக்காத வகையா இருந்தாலும் இன்னொரு பிரச்சனை இருக்கு. சின்க்ரோ வளையம் வேலை செய்யறதே உரசலாலதான். ஆயில் ரொம்ப வழுக்கினா வளையம் பிடிக்காது, கியர் விழாது. வழுக்கறது நல்லதுன்னு பொதுவா நினைக்கறோம், இங்க அளவா வழுக்கறதுதான் நல்லது. கையேட்டுல GL-4னு போட்டிருந்தா GL-4தான். பேரம் பேசாதீங்க.

<b>இப்போ பிளக் கதை</b>

ஒரு மேனுவல் கியர் பாக்ஸ்ல பெரும்பாலும் ரெண்டு பிளக் இருக்கும். கீழ ஒண்ணு, ஆயிலை வடிக்க. பக்கவாட்டுல கொஞ்சம் மேல ஒண்ணு, ஆயிலை ஊத்த. அந்த மேல் ஓட்டையோட விளிம்புதான் பல வண்டிகள்ல அளவும் கூட. வண்டி சமதளத்துல நிக்கும்போது அதுல இருந்து ஆயில் லேசா வழிய ஆரம்பிச்சா போதும், நிறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம்.

இப்ப தலைப்புக்கு வர்றேன். எந்த பிளக்கை முதல்ல கழட்டணும்?

கீழ் பிளக்னு சொன்னீங்கன்னா உங்களை மாதிரிதான் ஊர்ல முக்காவாசிப் பேர். கீழ் பிளக்கைக் கழட்டி ஆயிலை முழுசா வடிச்சாச்சு. அப்புறம் மேல் பிளக்கைக் கழட்டப் போனா அது வரலை. மூலையெல்லாம் மழுங்கி வழுக்குது. இப்போ என்ன பண்ணுவீங்க? உள்ள சொட்டு ஆயில் இல்லாத வண்டி. ஓட்டிக்கிட்டுப் போக முடியாது. ஊத்த வழியும் இல்லை.

நான் பொட்டி தட்டுற ஆளு. எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. பழைய டேட்டாபேஸை அழிக்கறதுக்கு முன்னாடி, எடுத்து வச்ச பேக்கப் நிஜமாவே திரும்ப ஏறுதான்னு ஒரு தடவை ஏத்திப் பார்த்துக்கணும். பேக்கப் இருக்குன்னு நம்பறது வேற, ஏத்திப் பார்க்கறது வேற. மேல் பிளக்கை முதல்ல கழட்டிப் பார்க்கறதும் அதேதான். திரும்பி வர வழி இருக்குன்னு உறுதி பண்ணாம உள்ள போகாதீங்க.

ஒரு பட்டறையை எடை போட இதைவிட சுலபமான வழி எனக்குத் தெரியாது. கியர் ஆயில் மாத்தச் சொல்லிட்டு ஓரமா நில்லுங்க. கை முதல்ல மேல் பிளக்குக்குப் போச்சுன்னா அந்த அண்ணன் கையில வண்டியைக் கண்ணை மூடிக்கிட்டு விடலாம்.

<b>மாமாவோட ஹோண்டா சிட்டி</b>

திருச்சியில எங்க தாய்மாமா 2002 மாடல் ஹோண்டா சிட்டி ஒண்ணு வச்சிருக்கார். அத்தை திட்டினாலும் விக்க மாட்டார். ரெண்டாவது கியர் காலைல ரொம்ப முரண்டு பிடிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். "கியர் ஆயில் மாத்துனீங்களா மாமா?"ன்னு கேட்டேன். "ரெண்டு தடவை மாத்தியாச்சுடா மாப்ளே"ன்னு பில்லை எடுத்து நீட்டினார். ஒரு பட்டறையோட பில், ரெண்டு தடவையும் ரெண்டு லிட்டர் ஆயில், கூலி தனி.

வண்டியை வேற ஒரு மெக்கானிக் கிட்ட கொண்டு போய் பிட்ல நிறுத்தி நானும் கீழ இறங்கிப் பார்த்தேன். அந்த வண்டியில கீழ் பிளக் நடுவுல சதுரமா ஒரு குழி இருக்கும். ராட்செட்டோட 3/8 அங்குல முனை நேரா அதுல உக்காரும். மாமா வண்டியில அந்தச் சதுரம் கிட்டத்தட்ட வட்டமா இருந்துச்சு. யாரோ எதையோ விட்டுத் திருகி, வழுக்கி, சுத்தியலால உளியை வச்சு அடிச்சும் பார்த்த தடம். மேல இருக்கற 17 மில்லிமீட்டர் போல்ட்டு? அது மேல பல வருசத்து மண்ணும் துருவும் ஒரு கீறல் கூட இல்லாம அப்படியே பொறுக்குக் கட்டி இருந்துச்சு.

புரியுதுங்களா? கீழ் பிளக் வரலை. மேல் பிளக்கைத் தொடவே இல்லை. ஆயில் மட்டும் ரெண்டு தடவை மாறியிருக்கு, பில்லுல!

மாமாவுக்குக் கோபம் பணத்துக்காக இல்லை. "வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல"ன்னார். அதுதான் எனக்கும். தேஞ்ச பிளக் ஒரு பெரிய குத்தமே இல்லை. இருபது வருச வண்டியில இரும்பு பிளக், அலுமினியக் கூடு, நடுவுல ஈரம்னு இருந்தா இறுகத்தான் செய்யும். வரலைன்னா மறைச்சு அனுப்பறதுதான் குத்தம். அடுத்த ஆளு தலையில அதைக் கட்டி விடறோம். எங்க ஆபீஸ்ல ஓடாத டெஸ்ட்டை 'பாஸ்'னு எழுதி வைக்கற மாதிரி.

<b>தேஞ்ச பிளக்கை எப்படி எடுக்கறது?</b>

அந்த ரெண்டாவது மெக்கானிக் அண்ணன் பண்ணினதையும், நான் அங்கங்க பார்த்துப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்து வரிசையா சொல்றேன்.

1. முதல்ல சுத்தம். குழிக்குள்ள மண்ணு அடைச்சிருந்தா சாவி பாதி ஆழம்தான் இறங்கும், பாதி இறங்கின சாவி மூலையைத் தின்னுடும். பல பிளக் மழுங்கறது இந்த ஒரே காரணத்தாலதான்.

2. சரியான சாவி. வெளிப்பக்க ஆறுமூலை போல்ட்டுன்னா ஆறு மூலை இருக்கற சாக்கெட். பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பேனர் வேணாம், ஸ்க்ரூ ஸ்பேனர் வேணவே வேணாம். பைப் ரிஞ்ச் எடுத்துட்டு வந்தா வண்டியை எடுத்துட்டு ஓடிடுங்க.

3. ஒரு ராத்திரி ஊற வைங்க. துருவுக்குள்ள இறங்கற எண்ணெயைத் தெளிச்சு, சுத்தியலால தலையில நேரா நாலு தட்டு தட்டணும். உடைக்கற தட்டு இல்ல, எழுப்பற தட்டு.

4. சூடு. பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து கழட்டுங்க. அதே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். வெளிக்கூடு அலுமினியம், உள்ள பிளக் இரும்பு. அதனால பிடி கொஞ்சம் தளரும். ஸ்கூல்ல படிச்ச இயற்பியல் ஒரு தடவையாவது உபயோகப்படட்டுமே!

5. முதல்ல இறுக்கற பக்கமா ஒரு நூல் அசைச்சுப் பாருங்க, அப்புறம் கழட்டற பக்கம். துரு உடையறதுக்கு எந்தப் பக்கம் அசைஞ்சாலும் ஒண்ணுதான்.

6. அப்பவும் வரலையா? தேஞ்ச போல்ட்டைக் கவ்வறதுக்குன்னே உள்பக்கம் முறுக்கு வெட்டின சாக்கெட் கிடைக்குது. அதுவும் தோத்தா, பிளக் தலையில ஒரு நட்டை வச்சு வெல்டிங் வைக்கணும். புதுசா ஆறு மூலை கிடைக்குது, வெல்டிங் சூட்டுல பிளக்கும் இளகிக் குடுக்குது. பேட்டரி வயரைக் கழட்டிட்டு, பக்கத்துல பெட்ரோல் கசிவு எதுவும் இல்லைன்னு பார்த்துட்டு, விவரம் தெரிஞ்ச ஆளுதான் இதைப் பண்ணணும்.

7. துளை போட்டு எடுக்கறது கடைசி வழி. உலோகச் சீவல் உள்ள விழுந்தா அதைவிட அந்தப் பழைய ஆயிலே தேவலை.

மாமா வண்டியில மேல் பிளக் சூட்டுலயும் தட்டுலயும் வந்துடுச்சு. அந்த ஓட்டை வழியா ஒரு பெரிய சிரிஞ்ச்ல குழாய் மாட்டி முடிஞ்ச அளவு ஆயிலை உறிஞ்சிட்டு, கீழ் பிளக்குக்கு நட்டு வெல்டிங் வச்சார் அண்ணன். அரை நாள் ஆச்சு. வெல்டிங் கூட வைக்க வசதி இல்லைன்னா, உறிஞ்சற அந்த வழியே போதும். அடியில கொஞ்சம் பழசு தங்கும், பரவாயில்லை, முக்காவாசி மாறிடும். அதே மாதிரி மேல் பிளக் வரவே மாட்டேங்குதுன்னா, சில வண்டிகள்ல ஸ்பீடோமீட்டர் கேபிளோ சென்சாரோ கியர் பாக்ஸுக்குள்ள போற ஓட்டை வழியா ஊத்தலாம். அப்போ விளிம்பு அளவு கிடைக்காது. கையேட்டுல போட்டிருக்கற அளவை லிட்டர் கணக்குல அளந்து ஊத்தணும்.

எடுத்த பிளக்கைத் திரும்ப மாட்டாதீங்க, தயவு செஞ்சு! புது பிளக் ஒரு பிரியாணி விலைக்கு மேல போகாது. வாஷர் போடற வகைன்னா புது வாஷர், சீலண்ட் தடவற வகைன்னா சீலண்ட். கம்பெனி சொன்ன இறுக்கத்துக்கு மேல ஒரு சுத்து கூட வேணாம். "நல்லா டைட் பண்ணிட்டேன் சார்"னு யாராவது பெருமையா சொன்னா பயப்படுங்க. அலுமினியக் கூட்டுல மரை போச்சுன்னா அப்புறம் நமக்கே மரை கழண்டுடும். போயிட்டாலும் உயிர் போகலை, ஹெலிகாயில்னு கம்பிச்சுருள் வச்சுப் புது மரை போடலாம். அதை லேத்துல பழகின கை பண்ணணும். மேல கொஞ்சம் எம்-சீல் அப்பிட்டு அனுப்பறது ரிப்பேர் இல்லை.

பதிவோட நேர்மைக்காக ஒண்ணு: சரியான ஆயில் போட்டதும் மாமா வண்டியில கியர் நல்லாவே விழுது. ஆனா காலைல முதல் ரெண்டு மூணு தடவை ரெண்டாவது கியர் இன்னும் லேசா முனகுது. தேஞ்ச சின்க்ரோவை ஆயில் வளர வைக்காது. பில்லுல மாறின அந்த ரெண்டு தடவையும் நிஜமாவே மாறியிருந்தா இந்த முனகல் இருந்திருக்காதோ என்னமோ.

<b>ஓடற வண்டியை ஏன் நோண்டணும்?</b>

இது பெரியவங்க வழக்கமா கேக்கறது. பாதி நியாயம் இருக்கு. அரைகுறைக் கையில நோண்டக் கொடுக்கறதைவிட நோண்டாம விடறது மேல்தான். "பழைய கியர் பாக்ஸுக்குப் புது ஆயில் ஊத்தினா செத்துடும்"னு ஒரு பேச்சு கூட உண்டு. அது ஆட்டோமேட்டிக் வண்டிகளைப் பத்தின பேச்சு, அங்கயே அதுக்கு ரெண்டு கட்சி. கையால கியர் போடற பாக்ஸ்ல பழைய ஆயிலோட பொடிதான் எதையோ தாங்கிப் பிடிச்சிக்கிட்டு இருக்குன்னு நினைக்கறது, அழுக்குதான் சட்டையைக் கிழியாம வச்சிருக்குன்னு சொல்ற மாதிரி.

இன்னொரு பக்கம், பழைய வண்டி வச்சிருக்கறதே இப்போ செலவு. 15 வருசம் தாண்டின காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல இருந்து 5,000 ஆச்சு. 20 வருசம் தாண்டினா 10,000ன்னு 2025 ஆகஸ்ட்ல ஏத்திட்டாங்க. இவ்வளவு கட்டி வச்சுக்கிட்டு, ரெண்டு லிட்டர் ஆயிலுக்கும் ஒரு பிளக்குக்கும் கணக்குப் பார்த்து கியர் பாக்ஸை இறக்கற நிலைமைக்குப் போனா, அப்புறம் வண்டியைக் காயலான் கடைக்குத்தான் தள்ளணும். நல்லா ஓடியிருக்க வேண்டிய வண்டி ஒரு தேஞ்ச பிளக்கால சாகறது எனக்கு ஜீரணிக்க முடியலை.

மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்ல நான் வரலை. அந்தப் பட்டறையில கீழ படுத்துத் திருகினது ஒரு சின்னப் பையனா இருக்கலாம். அவனுக்குச் சரியான சாவியை யாரும் வாங்கித் தரலை. வரலைன்னு மேல சொன்னா திட்டு விழும்னு பயந்திருப்பான். நாமளும் என்ன பண்றோம்? பாலிஷுக்கும் சென்ட் அடிக்கறதுக்கும் கேட்ட காசைக் கொடுக்கறோம். "பிளக் இறுகியிருக்கு சார், அரை நாள் வேலை"ன்னு ஒருத்தன் உண்மையைச் சொன்னா "ஒரு நட்டு கழட்ட அரை நாளா?"ன்னு நக்கல் பண்றோம். உண்மையைச் சொன்னவனுக்குக் காசு குறையுது, பொய்ப் பில் போட்டவனுக்கு முழுசா கிடைக்குது. அப்புறம் எப்படி உண்மை வரும்?

அதனால அடுத்த சர்வீஸுக்குப் போறப்போ மூணே மூணு காரியம் பண்ணுங்க. கையேட்டுல போட்டிருக்கற ஆயிலையும், ரெண்டு புது பிளக்கையும் நீங்களே வாங்கிட்டுப் போங்க. மேல் பிளக்கை முதல்ல கழட்டச் சொல்லி, கூடவே நில்லுங்க. வடிச்ச பழைய ஆயிலை ஒரு வெள்ளை டப்பாவுல காட்டச் சொல்லுங்க, பால் டீ மாதிரி இருக்கா, தங்கப்பொடி மின்னுதான்னு பாருங்க. பார்த்த பிறகு அது சாக்கடைக்குப் போகாம, பழைய ஆயில் எடுக்கறவங்க கிட்ட போகட்டும்.

பிளக் வரலைன்னு அந்த அண்ணன் சொன்னா, சொன்னதுக்கு நன்றி சொல்லிட்டு அரை நாள் கூலியைக் கொடுங்க. அது வீண் செலவே இல்லைங்க.